கைவிட்டான் சந்து

"எல்லாரும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்க" என்றார் குடை அக்கா.

முப்பது பேர் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே செல்போன் கடையின் பெயர்ப்பலகை. அதற்கும் மேலே ஒரு ஏ.சி. பெட்டி. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் கூட்டத்தில் ஒரே ஒருவரைப் பொறுக்கி எடுத்து அவர் நெற்றியில் விழுந்தது.

"அண்ணி, சரித்திரம் என் மேல ஒழுகுது" என்று துடைத்துக்கொண்டார் கண்டக்டர்.

"ஒரு அடி தள்ளி நில்லுங்க தம்பி. வாயை மூடிட்டுக் காதைத் திறந்து வைங்க" என்றார் ஸ்டெனோ அம்மா.

ஸ்டெனோ அம்மா இருபத்திரண்டு வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவர். யார் எந்த வார்த்தையில் தடுக்கி விழுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது. வேலையை விட்டபின் அந்தக் காதை வைத்தே துப்பறியத் தொடங்கிவிட்டார். கண்டக்டர் அவருடைய கணவரின் தம்பி. டவுன் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். விசில் ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை.

"இந்தக் கடை இருக்கிற இடம் நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி காகிதக் கிடங்கு" என்று தொடர்ந்தார் குடை அக்கா. பச்சைக் குடையை மடக்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். பதினோரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு பழைய பலூன் விபத்தின் கதையைச் சொல்லும் இந்த நகர்வலத்தை நடத்துகிறவர் அவர். "நம்ம ஊரோட முதல் பலூனை இங்கதான் தைச்சாங்க. துணியில காத்து கசியும். அதனால உள்பக்கம் முழுக்கக் காகிதம் ஒட்டினாங்க. காகிதப் பைக்கு அடியில நெருப்பு. நெருப்புக்குப் பக்கத்துல ஒரு மனுஷன். அவர்தான் புகைக்காரர்."

அடுத்த நிறுத்தம் ஒரு வாகனக் காப்பகம். அங்கேதான் புகைக்காரர் ஈர வைக்கோலையும் பழைய கம்பளியையும் எரித்துச் சோதனை செய்தாராம். சூடான காற்றுதான் பலூனைத் தூக்குகிறது என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லையாம். புகைதான் தூக்குகிறது என்று அடம்பிடித்தாராம்.

"எங்க டிப்போ பஸ் விடாத புகையா? ஒரு நாளாவது மேல போயிருக்குமா?" என்றார் கண்டக்டர். சுற்றியிருந்த நாலு பேர் சிரித்தார்கள். குடை அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அவர் முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது.

ஸ்டெனோ அம்மா அதைக் குறித்துக்கொண்டார்.

மூன்று நாள் முன்பு அவரைத் தேடி வந்தவர் நகராட்சிப் பதிவறைக்காரர். பலூன் விபத்து நடந்த வருடத்தின் விசாரணைப் பதிவேட்டில் ஒரு தாளை யாரோ பிளேடால் அறுத்து எடுத்துவிட்டார்கள். பதிவேடு அவர் பொறுப்பில் இருந்ததால் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். கடந்த ஒரு மாதத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் நான்கு பேர். ஒரு கல்லூரி மாணவி, கல்வெட்டு செதுக்குகிற சிற்பி, விழாக்குழு ஆள் ஒருவர், குடை அக்கா.

"மொத மூணு பேரை விசாரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் பதிவறைக்காரர். "குடை அக்காவை விட்டுருங்க. பாவம், பதினோரு வருஷமா வந்து போறவங்க."

மூன்று பேரையும் மூன்று நாளில் விசாரித்தாகிவிட்டது. மாணவி எடுக்கவில்லை. சிற்பிக்குப் படிக்க நேரமில்லை. விழாக்குழு ஆள் பதிவேட்டைத் திறக்கவே இல்லை, தும்மல் வந்து திரும்பிவிட்டார். மிச்சம் இந்தப் பச்சைக் குடைதான். அவகாசமும் அதிகமில்லை. மாலை ஐந்து மணிக்கு விபத்து நடந்த இடத்தில் கல்வெட்டுத் திறப்பு.

அந்த இடம் இப்போது பஸ் டிப்போ. சுற்றுச்சுவரில் கல்வெட்டை நீலத் துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

"அப்போ இது வெறும் மைதானம்" என்றார் குடை அக்கா. "பலூன் அறுபது அடி உயரம் போய்த் திரும்பணும். நாலு பக்கமும் நாலு கயிறு. கயித்துக்கு ஒரு ஆள். திடீர்னு காத்து அடிச்சுச்சு. பலூன் சாய்ஞ்சுது. நெருப்பு துணியில பட்டுது. புகைக்காரர் ஆத்துல போய் விழுந்தார். உடம்பு மறுநாள்தான் கிடைச்சுது."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். பாதியில் ஒலிபெருக்கியை அணைத்ததுபோல இருந்தது.

"நாலாவது கயித்தைப் பிடிச்சிருந்தவன்தானே விட்டுட்டான்? குடிகாரன். நான் கேள்விப்பட்டிருக்கேன். அப்புறம் அவன் என்ன ஆனான்?" என்று ஒரு கண்ணாடிக்காரப் பெண் கேட்டாள்.

குடை அக்கா குடையின் பிடியைப் பார்த்தபடி சொன்னார்: "அதுக்கப்புறம் அவரால சட்டைப் பட்டன்கூடப் போட முடியலை. சம்சாரம்தான் போட்டுவிடுவாங்களாம்... வாங்க, ஆத்தங்கரைக்குப் போயிடலாம்."

கூட்டம் நகர்ந்தது. ஸ்டெனோ அம்மா நகரவில்லை.

"தம்பி, அந்தத் துண்டுப் பிரசுரத்தை எடுங்க. எத்தனை நிறுத்தம் போட்டிருக்கு?"

"ஆறு. செல்போன் கடை, காப்பகம், டிப்போ, கைவிட்டான் சந்து, ஆத்தங்கரை, கல்லறை." கண்டக்டர் நிமிர்ந்தார். "அடடே, நாலாவது ஸ்டாப்புல வண்டி நிக்கலையே!"

"நிக்கலை. சுத்து வழியில கூட்டிட்டுப் போறாங்க. பக்கத்துல இருக்கிற சந்தை விட்டுட்டு அரை கிலோமீட்டர் சுத்தறதுன்னா, அந்தச் சந்துல என்னமோ இருக்கு."

* * *

டிப்போ வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஸ்டெனோ அம்மா கேட்டார்: "போன வருஷம் நீங்க குடும்பத்தோட இந்த நகர்வலத்துக்கு வந்தீங்க இல்ல? வீடியோ எடுத்தேன்னு சொன்னீங்களே?"

"எடுத்தேன் அண்ணி. பதினெட்டு வருஷம் வேலை பார்த்த டிப்போவுல ஒரு ஆள் செத்திருக்கான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் டிரைவர் ஓட்டறதைப் பார்த்து தினம் ஒருத்தர் சாவாங்கன்னு நினைச்சிருக்கேன், அது வேற விஷயம்."

செல்போனில் வீடியோ ஓடியது. குறுகலான சந்து. ஒரு வீட்டு வாசலில் குடையை நீட்டியபடி குடை அக்கா.

"இதோ, இந்த வீட்டுக்காரன்தான்! ஊரே மூச்சைப் பிடிச்சுட்டு நின்னப்போ இவன் கயித்தையும் பிடிக்கலை, தன்னையும் பிடிக்கலை. குடிச்சிருந்தான். விட்டான்! அன்னைக்கு விட்டவன் பேரு இன்னைக்கு வரைக்கும் கைவிட்டான்!"

முப்பது பேரின் சிரிப்பு. அதில் செல்போனுக்கு மிக அருகில் ஒரு சிரிப்பு, பஸ் பிரேக் போடுகிற மாதிரி. அந்தச் சிரிப்பின் நடுவே வீட்டு ஜன்னல் கதவு ஒன்று உள்ளேயிருந்து மெல்லச் சாத்தப்பட்டது.

கண்டக்டர் வீடியோவை நிறுத்தினார். "அது என் சிரிப்பு" என்றார். 

"எனக்கும் இந்த வீடியோவைக் காட்டினீங்க. நானும் சிரிச்சேன்" என்றார் ஸ்டெனோ அம்மா. "சரி, இப்போ கேளுங்க. போன வருஷம் 'இவன்', 'விட்டவன்', 'குடிச்சிருந்தான்'. பிரசுரத்துல பாருங்க, அங்கேயும் 'அவன்'. இன்னைக்கு அந்தப் பொண்ணு 'அவன் என்ன ஆனான்'னு கேட்டா. குடை அக்கா என்ன பதில் சொன்னாங்க?"

"அவரால பட்டன் போட முடியலை..." கண்டக்டர் புருவத்தைத் தூக்கினார். "அவர்!"

"பதினோரு வருஷம் 'அவன்'. இப்போ 'அவர்'. செத்து எத்தனையோ வருஷம் ஆன ஒருத்தருக்குத் திடீர்னு மரியாதை கூடணும்னா, நடுவுல ஏதோ படிச்சிருக்கணும். அப்புறம் அந்தப் பட்டன். கயித்தை விட்டவன் கைக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. காலையில பட்டன் போட்டு, சாயங்காலம் கழட்டி, சுகமா இருப்பான். பட்டன் போட முடியாமப் போனது யாருக்கு?"

கண்டக்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக் காய்ப்புக் காய்த்த கை.

"விடாதவனுக்கு" என்றார்.

* * *

கைவிட்டான் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வீடியோவில் பார்த்த வீட்டு வாசலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, பெரிய பல்சக்கரம் ஒன்றுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். லிப்ட் மெக்கானிக்.

"நகர்வலம் இந்தப் பக்கம் வர்றதில்லைங்க. நாலு வாரமா வரலை" என்றார் நிமிராமல்.

"நாங்க உங்களைத்தான் பார்க்க வந்தோம்" என்றார் ஸ்டெனோ அம்மா. "இந்தச் சந்துக்கு இந்தப் பேரு எப்போ வந்துச்சு?"

"முன்னாடி நாலாம் சந்து. அந்தக் குடைக்காரம்மா வந்தப்புறம் இப்படி ஆயிடுச்சு. இப்போ போன்ல மேப் போட்டாலும் அப்படித்தான் காட்டுது. கொரியர்காரன் போன் பண்ணி, 'சார், கைவிட்டான் சந்துதானே'ங்கிறான். ஆமாம்னு சொன்னாத்தான் பார்சல் வரும். சொல்றேன்."

"உங்க பூட்டனார்தானே அந்தக் கயித்துக்காரர்?"

"அப்பாவோட தாத்தா." மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். "புதுசா ஒரு அடுக்குமாடி வந்துச்சுங்க. ஒன்பது மாடி. லிப்ட் பராமரிப்பு எனக்குத்தான் கிடைக்கிற மாதிரி இருந்துச்சு. கடைசியில அந்தக் குடியிருப்புச் சங்கச் செயலாளர், 'கைவிட்டான் வீட்டு ஆள்கிட்டயா லிப்டைக் கொடுக்கிறது'ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நானும் சிரிச்சேன். என்ன பண்ணச் சொல்றீங்க? விளையாட்டுக்குச் சொன்னவர்கிட்டப் போய்க் கோபப்பட முடியுமா?"

கண்டக்டர் செல்போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். 

"உங்க வீட்டுல இதைப் பத்தி வேற மாதிரி ஏதாவது பேச்சு உண்டா?" என்று கேட்டார் ஸ்டெனோ அம்மா.

"அப்பா சொல்வார். அவரோட தாத்தா கையில ரேகையே கிடையாதாம். சின்ன வயசுல அந்தக் கையைத் தடவிப் பார்த்திருக்காராம், கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்குமாம். அப்பா அந்தம்மாகிட்டப் போய்ச் சொன்னார். 'ஆதாரம் இருக்கா ஐயா'ன்னு கேட்டாங்க. பதிவறைக்குப் போனார். 'அப்படி ஒரு காகிதமும் இல்லை'ன்னு அங்கே இருக்கிறவர் சொல்லிட்டார். ஒரு தடவை இல்லை, மூணு தடவை போனார். அதோட விட்டுட்டார்." அவர் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார். "பாருங்க, எனக்கும் அதே வார்த்தைதான் வருது."

சந்து முனைக்கு வந்ததும் கண்டக்டர் சொன்னார்: "அண்ணி, நான் சிரிச்சப்போ ஜன்னலைச் சாத்தினது இவரா இருக்கும்."

"அவர் சம்சாரமா இருக்கும். யாரா இருந்தா என்ன?" ஸ்டெனோ அம்மா வேகமாக நடந்தார். "பதிவறையில இருக்கிறவர் 'இல்லை'ன்னு சொன்னாராம். கவனிச்சீங்களா?"

* * *

குடை அக்காவின் அலுவலகம் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. சுவர் முழுக்கப் பலூன் படங்கள். மேசையில் பிரசுரக் கட்டுகள், ஓரம் வெட்டுகிற பிளேடு, இரும்பு அளவுகோல். குடையை மூலையில் சாய்த்துவிட்டு அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த நகர்வலம் அடுத்த சனிக்கிழமைதாங்க" என்றார்.

"நாலாவது நிறுத்தத்தைப் பார்க்கலையே, அதைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் ஸ்டெனோ அம்மா.

"கால் வலி. அதான் அந்தச் சந்தை விட்டுட்டேன்."

"கால் வலின்னா குறுக்கு வழியில போவாங்க. நீங்க அரை கிலோமீட்டர் கூட நடந்தீங்க."

குடை அக்காவின் கை தானாகப் பிளேடை எடுத்து ஒரு பிரசுரத்துக்கு அடியில் தள்ளியது. கண்டக்டர் அதைப் பார்த்தார். கண்டக்டர் பார்த்ததைக் குடை அக்காவும் பார்த்தார்.

"அவரால பட்டன் போட முடியலைன்னு எங்கே படிச்சீங்கம்மா?" ஸ்டெனோ அம்மாவின் குரல் உயரவில்லை. "உங்க பிரசுரத்துல இல்லை. நீங்க இதுவரைக்கும் எங்கேயும் சொன்னதில்லை. அறுத்த தாள்ல மட்டும்தான் இருக்கணும்."

கீழே தையல் இயந்திரம் ஒரு நீளமான தையலை ஓட்டி முடித்தது.  குடை அக்கா எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய பலூன் படத்தைக் கழற்றினார். சட்டத்தின் பின்பக்கம் ஒரு பழுப்புத் தாள் ஒட்டாமல் செருகியிருந்தது.

"கிழிச்சுப் போட்டுடலாம்னு பல தடவை எடுத்தேன். கை வரலை" என்றார். "கல்வெட்டுல தேதி சரியா வேணும்னு கேட்டாங்க. அதுக்காகத்தான் ஒரு மாசம் முன்னாடி, வாழ்க்கையில மொத தடவையா, அந்தப் பதிவேட்டை நானே எடுத்துப் படிச்சேன். அதுக்குள்ள தேதியைத் தவிர மத்ததெல்லாம் கல்லுல செதுக்கி முடிச்சுட்டாங்க. நாலாவது ஆள் குடிச்சுட்டு விட்டுட்டான்னு இருக்கிற வாசகம் என்னுது. கீழே என் பேரு. வீட்டுக்குக் கொண்டு போய் நிதானமா யோசிச்சுட்டு மறுபடி வச்சிடலாம்னுதான் அறுத்தேன். அதுக்குள்ள பதிவறை ஐயாவை வேலையிலேர்ந்து நிறுத்திட்டாங்க. அப்புறம் எந்த மூஞ்சியோட திருப்பிக் கொடுப்பேன்?"

கண்டக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். பழைய கையெழுத்து, வரிசையாக எறும்பு போனதுபோல.

"அந்த வீட்டுப் பெரியவர் உங்ககிட்ட வந்தாரே" என்றார் ஸ்டெனோ அம்மா.

"வந்தார்." குடை அக்கா முகத்தை மூடிக்கொண்டார். "அதோ அந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தார். தண்ணிகூட கொடுக்கலை. ஆதாரம் கேட்டேன். எனக்கு அந்த இடத்துலதான் கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு இல்லைன்னா நகர்வலம் படுத்துரும்னு பயம்."

"குடிச்சிருந்தான்னு நீங்களா சேர்த்ததா?"

"சத்தியமா இல்லை. கேட்டுத்தான் எழுதினேன்."

"யார்கிட்டே?"

 குடை அக்கா அலமாரியைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஸ்டெனோ அம்மா எழுந்துபோய் அலமாரியில் இருந்த முதல் வருடக் குறிப்பேட்டை உருவினார். நாலாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: 'நாலாவது கயிறு - குடித்திருந்தான், விட்டுவிட்டான். தகவல்: பதிவறை ஐயா.'

கண்டக்டர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "அடப்பாவி மனுஷா! நம்மகிட்ட கேஸ் கொடுத்த கட்சிக்காரரே!"

"குடை அக்காவை விட்டுருங்கன்னு சொன்னப்பவே இடிச்சுது தம்பி" என்றார் ஸ்டெனோ அம்மா. "நாலு பேர்ல ஒருத்தரை மட்டும் விட்டுடச் சொல்றவர், அந்த ஒருத்தரைத்தான் நினைச்சுட்டு இருப்பார். யார் எடுத்தாங்கன்னு அவருக்கு ஆரம்பத்துலயே தெரியும்."

* * *

போன் போட்டதும் பதிவறைக்காரர் இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். படியேறி வந்தவர் மேசைமேல் தாளைப் பார்த்தார். பக்கத்தில் திறந்திருந்த குறிப்பேட்டையும் பார்த்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தப் பதிவேடு மேல் தட்டுல இருந்துச்சும்மா" என்றார். "ஏணி வச்சு ஏறணும். அன்னைக்கு ஏணி வேற அறையில இருந்துச்சு. இந்தம்மா வந்து நாலாவது ஆள் ஏன் விட்டார்னு கேட்டாங்க. 'குடிச்சிருப்பான், வேற என்ன'ன்னேன். பேச்சுக்குச் சொன்னதுதான். அடுத்த மாசம் பிரசுரத்துல அச்சாகி வந்துடுச்சு. பதிவறைத் தகவல்னு போட்டு."

"திருத்தியிருக்கலாமே?"

"பார்க்காமச் சொன்னேன்னு எப்படி ஒத்துக்கிறது? அப்புறம் அந்த வீட்டுப் பெரியவர் வந்தார்." அவர் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தார். "அதுக்குள்ள நான் ஏறிப் பார்த்திருந்தேன். படிச்சிருந்தேன். படிச்சுட்டுத்தான் அவர்கிட்ட இல்லைன்னு சொன்னேன். மூணு தடவை."

அறையில் இருந்த எவரும் அதை எதிர்பார்க்கவில்லை. குடை அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் எதுக்குய்யா எங்களைத் தேடி வந்தீங்க?" என்றார் கண்டக்டர். அவர் குரலில் கிண்டல் இல்லை. "காட்டிக்கொடுக்கவும் கூடாது, கண்டுபிடிக்கவும் வேணுமா?"

"ஆமாம்" என்றார் பதிவறைக்காரர். "அதேதான். நானாச் சொல்றதுக்குத் துணிச்சல் இல்லை. யாராவது வந்து என் வாயிலேர்ந்து பிடுங்கினாத் தேவலைன்னு இருந்துச்சு."

ஸ்டெனோ அம்மா சன்னலோரம் போய் நின்றார். "நான் கோர்ட்டுல இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பொய்யின்னு தெரிஞ்சே எத்தனையோ சாட்சியத்தை எழுத்துப்பிழை இல்லாம டைப் அடிச்சுக் கொடுத்திருக்கேன். எழுதறதுதான் என் வேலைன்னு சொல்லிப்பேன். அதனால உங்க ரெண்டு பேருக்கும் நான் ஒண்ணும் பாடம் நடத்தப் போறதில்லை." திரும்பினார். "ஆனா இப்போ மணி ரெண்டரை. அஞ்சு மணிக்கு ஒரு பொய்யைக் கல்லுல திறக்கப் போறாங்க. ஒரு வெள்ளைத் தாள் எடுங்க. நீங்க சொன்னதை நீங்களே எழுதுங்க."

இருவரும் எழுதினார்கள். பதிவறைக்காரர் தன் கடிதத்தைத் தானே ஆணையரின் வீட்டுக்கு எடுத்துப் போனார். குடை அக்காவின் கடிதத்தோடும் தாளோடும் ஸ்டெனோ அம்மாவும் கூடப் போனார். ஆணையர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, அறுத்த தாளைப் பார்த்துவிட்டு, விழாக்குழுவை அழைத்தார். நீலத் துணி அன்று விலகவில்லை. வந்தவர்களிடம் எழுத்துப்பிழை என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு அந்த மாதக் கடைசியில் பதிவறைக்காரரை வேலையை விட்டே அனுப்பினார்கள். அவர் மேல்முறையீடு செய்யவில்லை.

குடை அக்காவுக்கு அன்று மாலையே இன்னொரு வேலை இருந்தது.

"தாளை ஆணையர் நாளைக்குத்தான் பதிவேட்டுல சேர்க்கணும்னார். இன்னைக்கு என் பொறுப்புல இருக்கு. வாங்க" என்றார் ஸ்டெனோ அம்மா.

"நீங்களே கொடுத்துடுங்களேன்மா. என்னால அந்த வாசல்ல நிக்க முடியாது."

"பதினோரு வருஷம் நின்னீங்களே."

* * *

மெக்கானிக் இன்னும் அதே சக்கரத்தோடுதான் இருந்தார். குடை அக்காவைக் கண்டதும் அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து கதவின் ஓரத்தில் நின்றார். குடை அக்கா கையில் குடை இல்லை.

"ஆதாரம் கிடைச்சிருக்குங்க" என்றார் அவர். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அது எந்த வார்த்தை என்று அவருக்கே உறைத்தது. "என்னை மன்னிக்கணும். உங்க அப்பாகிட்ட..."

"அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு" என்றார் மெக்கானிக். "அவர்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

 கண்டக்டர் தலை குனிந்து நின்றார். பிறகு திடீரென்று, "அண்ணே, நானும் போன வருஷம் இங்கே நின்னு சிரிச்சவன்தான்" என்றார். யாரும் கேட்காத வாக்குமூலம் அது. மெக்கானிக் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையசைத்தார். மன்னித்தாரா, கணக்கில் வைத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

குடை அக்கா தாளை நீட்டினார்.

"கையெல்லாம் கிரீஸ். பழைய காகிதம், கறை பட்டுடும்" என்றார் மெக்கானிக். "நீங்களே படிங்க."

அவர் படித்தார். மெல்லிய குரல், பாதி தொண்டையிலேயே நின்றது.

"கேட்கலை."

கொஞ்சம் சத்தமாகப் படித்தார்.

"இன்னும் கேட்கலை."

"பக்கத்துலதானேங்க நிக்கிறீங்க..." என்று திணறினார் குடை அக்கா.

"எனக்குக் கேட்குது. எதிர் வீட்டுக்குக் கேட்கலை."

குடை அக்கா வாசலை விட்டு இறங்கிச் சந்தின் நடுவில் போய் நின்றார். இரண்டு கையாலும் தாளைப் பிடித்துக்கொண்டு, முப்பது பேருக்குச் சொல்கிற அந்தக் குரலில் படிக்கத் தொடங்கினார்.

"வைத்தியர் சாட்சியம். மற்ற மூவரும் கயிற்றை விட்டு ஓடிய பிறகும் மேற்படியார் விடாமல் பிடித்திருந்ததால், இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கப்பட்டிருக்கிறார். கூடையின் அருகே கயிறு நெருப்பில் எரிந்து அறுந்தபோது கயிற்றோடு கீழே விழுந்திருக்கிறார். இரு உள்ளங்கைகளிலும் தோல் அறவே இல்லை. கைநாட்டு வாங்க விரலில் இடமில்லை. சட்டைப் பித்தானை அவர் மனைவியே போட்டு அழைத்துவந்தார். சாராய வாடை இல்லை. கயிற்றை விட்டவனுக்கு இக்காயம் உண்டாக ஏதுவில்லை."

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி கைப்பிடிச் சுவர்மேல் குனிந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் போக வழியில்லாமல் நின்றார்.

"யாரைப் பத்தி?" என்று அவர் கேட்டார்.

குடை அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் மெக்கானிக்கின் மனைவி கதவோரத்திலிருந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"எங்க வீட்டுப் பெரியவரைப் பத்தி" என்றார். "நீங்க ஆரம்பத்துலேர்ந்து கேட்கலை. அம்மா, மறுபடியும் மொதல்லேர்ந்து படிங்க."